கிளவுஸ் முதல் கேன்சர் சர்ஜரி வரை... பிஜி டாக்டர்கள் மனப்பாடம் செய்யும் ஹால்ஸ்டெட் யார்? அவர் கணக்கு எங்கே தப்பியது?

நீட் பிஜி தேர்வுக்குப் படிக்கிறவர்கள் யாராவது உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், ஹால்ஸ்டெட் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த நொடியே நெஞ்சுத் தசை இரண்டின் பெயரைச் சொல்வார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான எந்த ஆபரேஷனில் எந்தத் தசை போகும், எது மிஞ்சும் என்பது சர்ஜரி பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. பெயரும் தசையும் ஞாபகம் இருந்தால் மார்க் வந்துவிடும்.

ஆனா அந்த ஒரு கேள்விக்குப் பின்னால், போதை மருந்தோடு வாழ்நாள் முழுக்கப் போராடிய ஒரு டாக்டரின் கதை இருக்கிறது. சுமார் 80 வருஷம் உலகம் முழுக்க எத்தனையோ பெண்கள் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் இழந்த கதையும் இருக்கிறது. யார் இந்த ஹால்ஸ்டெட்? விரிவாகப் பார்க்கலாம்.

கால்பந்து கேப்டன் டாக்டரான கதை

வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் 1852 செப்டம்பர் 23-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். வசதியான வியாபாரக் குடும்பம். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது படிப்பைவிட விளையாட்டில்தான் பெயர் வாங்கினார், கால்பந்து அணிக்குக் கேப்டன். கடைசி வருஷம் கிரேயின் உடற்கூறியல் புத்தகத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்ததும் பாதை மாறியது. 1877-ல் நியூயார்க்கில் எம்.டி. பட்டம் பெற்றார்.

அந்தக் காலகட்டம் முக்கியம். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்வது 1846-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. கிருமிகள்தான் புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கின்றன, கார்பாலிக் அமிலத்தால் அதைத் தடுக்கலாம் என்று ஜோசப் லிஸ்டர் எழுதியது 1867-ல். அமெரிக்க டாக்டர்கள் பலர் அதை நம்பவே இல்லை. ஹால்ஸ்டெட் நம்பினார். நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் ஆபரேஷன் அரங்கில் சுத்தம் போதவில்லை என்று, வளாகத்திலேயே தனியாகக் கூடாரம் போட வைத்து அதில் ஆபரேஷன் செய்தார். இதை இன்றைக்கு ஒரு ஜூனியர் டாக்டர் செய்தால் மெமோதான் வரும்!

1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில் இருந்தார். வியன்னாவில் பில்ரோத் போன்ற பெரிய சர்ஜன்களின் வேலையைக் கிட்டே இருந்து பார்த்தார். திரும்பி வந்ததும் நியூயார்க்கில் அவர் பெயர் சட்டென்று மேலே போனது. 1881-ல் அவருடைய தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. தன் உடம்பிலிருந்தே ரத்தம் எடுத்து அவருக்கு ஏற்றினார், தங்கை பிழைத்தார். ரத்த வகைகளை லேண்ட்ஸ்டைனர் கண்டுபிடிக்க இன்னும் 20 வருஷம் இருந்தது. அதாவது, இருவர் ரத்தமும் ஒத்துப்போனது சுத்த அதிர்ஷ்டம். அடுத்த வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பையில் சீழ். நள்ளிரவு தாண்டிய நேரத்தில், வீட்டுச் சமையலறை மேஜையில் படுக்க வைத்து ஆபரேஷன் செய்து கற்களை எடுத்தார். அம்மாவும் பிழைத்தார்.

கொகைன் வந்தது, எல்லாம் மாறியது

1884-ல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் டாக்டர், கொகைன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும் என்று காட்டினார். செய்தி நியூயார்க் வந்து சேர்ந்ததும் ஹால்ஸ்டெட் ஒரு படி மேலே யோசித்தார். கொகைனை நரம்புக்குப் பக்கத்தில் ஊசியாகப் போட்டால், அந்த நரம்பு போகிற இடம் முழுக்க மரத்துப்போகுமே? சக டாக்டர்களும் மாணவர்களும் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுச் சோதித்தார்கள். பலித்தது. இன்று பல் டாக்டர் கீழ்த்தாடையில் ஊசி போட்டதும் பாதி உதடு மரத்துப்போகிறதே, அந்த நரம்பு பிளாக் முறைக்கு ஆரம்பம் அங்கேதான்.

கொகைன் அடிமையாக்கும் என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. சோதனையில் இருந்த பலர் அதில் சிக்கி வாழ்க்கையைத் தொலைத்தார்கள். ஹால்ஸ்டெட்டும் சிக்கினார். 1885-ல் கொகைன் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தால், வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே புரியாது. நியூயார்க்கின் முன்னணி சர்ஜன் அந்த அளவுக்குக் குலைந்து போயிருந்தார்.

நண்பர் வில்லியம் வெல்ச் அவரைக் காப்பாற்றப் பார்த்தார். கப்பல் பயணம் அழைத்துப் போனார், பலன் இல்லை. 1886-ல் ரோட் ஐலண்டில் இருந்த பட்லர் மனநல மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் சேர்ந்தார். அங்கே கொகைனை விடவைக்க மார்ஃபின் கொடுத்தார்கள். அதுவும் அடிமையாக்கும் மருந்துதான். ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து அடுத்த பள்ளத்தில் விழுந்த கதை.

வெளியே வந்தவருக்கு நியூயார்க்கில் இடம் இல்லை. பால்டிமோரில் புதிதாக உருவாகிக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸில், வெல்ச்சின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலை கிடைத்தது. நாய்களின் குடலை வெட்டித் தைத்துப் பார்த்து, தையலைத் தாங்குகிற பலமான அடுக்கு சப்மியூகோசா என்று 1887-ல் எழுதினார். குடலில் எந்த அடுக்குக்கு வலு அதிகம் என்ற எம்சிக்யூவைப் பார்க்கும் பிஜி மாணவர்களே, பதில் வந்தது இங்கிருந்துதான்.

வேகம் போய் நிதானம் வந்தது

1889-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. அடுத்த ஆண்டு ஹால்ஸ்டெட் தலைமை சர்ஜன், 1892-ல் பேராசிரியர். ஆனா வந்தவர் பழைய ஆள் இல்லை. நியூயார்க்கில் வேகத்துக்கும் துணிச்சலுக்கும் பேர் வாங்கியவர், இங்கே ஆமை வேகத்தில் ஆபரேஷன் செய்தார். ஒவ்வொரு சின்ன ரத்தக்குழாயையும் பிடித்துக் கட்டினார். திசுவை நசுக்காமல் மெல்லத் தொடு, ரத்த ஓட்டத்தைக் கெடுக்காதே, இழுத்துப் பிடித்துத் தைக்காதே, உள்ளே காலி இடம் விடாதே, கிருமி அண்டவிடாதே. ஹால்ஸ்டெட் கோட்பாடுகள் என்று பாடப்புத்தகத்தில் பட்டியலாக வருவது இதுதான். மனிதர் மாறியதற்குப் போதை ஒரு காரணமா? பலர் அப்படிச் சொல்கிறார்கள். நிரூபிக்க வழியில்லை. ஆனா நோயாளிக்கு அது நல்லதாகவே முடிந்தது.

கிளவுஸ் கதை சுவாரஸ்யமானது. ஆபரேஷன் அரங்கின் தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநீக்கத்துக்கு அப்போது பயன்படுத்திய மெர்குரிக் குளோரைடு அவர் கையைப் புண்ணாக்கியது. 1889-90 குளிர்காலத்தில் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்யவைத்தார். கை சரியானது. 1890 ஜூனில் இருவருக்கும் கல்யாணமும் ஆனது!

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கிளவுஸ் நர்ஸின் கையைக் காப்பாற்ற வந்தது. நோயாளியைக் கிருமியிலிருந்து காப்பாற்றும் என்று ஹால்ஸ்டெட்டுக்குத் தோன்றவில்லை. அவருடைய சிஷ்யர் ஜோசப் பிளட்குட், குடலிறக்க ஆபரேஷன்களில் எல்லோரும் கிளவுஸ் போட்டால் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணெதிரே இருந்ததை இத்தனை வருஷம் எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று ஹால்ஸ்டெட்டே பிற்பாடு வியந்திருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் விஷயத்தில் இப்படிக் கணக்குப் பார்க்க ஆள் வர 80 வருஷம் ஆனது.

வேரோடு எடுத்தால் போய்விடுமா?

1880-களில் மார்பகப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கட்டி பெரிதாகி, தோலைப் பிடித்து, சில நேரம் புண்ணாகி வெடித்த நிலையில்தான் டாக்டரிடம் வருவார்கள். மேமோகிராம் கிடையாது, கதிர்வீச்சு சிகிச்சை கிடையாது, கீமோ கிடையாது. எக்ஸ்ரேவே 1895-ல்தான் வந்தது. கத்தி ஒன்றுதான் ஆயுதம். கட்டியை எடுப்பார்கள், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். ஐரோப்பாவின் பெரிய கிளினிக்குகளிலேயே பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இதுதான் நடந்தது.

ஹால்ஸ்டெட் இதை யோசித்த விதம் இப்படி: புற்றுநோய் ஒரு மையத்திலிருந்து தண்ணீரில் வட்டம் விரிவது மாதிரி, நிணநீர்க் குழாய் வழியாகப் படிப்படியாக வெளியே பரவுகிறது. முதலில் மார்பகம், பிறகு அக்குளில் இருக்கும் நெறிகட்டிகள், அதற்குப் பிறகுதான் உடம்பின் மற்ற பாகங்கள். அப்படியானால் வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி வெட்டிவிட்டால் நோயே போய்விட வேண்டும். கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தால் செல்கள் சிந்தும், எனவே எல்லாவற்றையும் ஒரே பாளமாக எடுக்க வேண்டும்.

அதன்படி அவர் செய்தது: முழு மார்பகம், மேலே உள்ள தோல், அடியில் இருக்கும் பெரிய நெஞ்சுத் தசையான பெக்டோராலிஸ் மேஜர், அக்குள் நெறிகட்டிகள் எல்லாமே ஒரே பாளமாக வெளியே. சின்னத் தசையான பெக்டோராலிஸ் மைனரும் பின்னர் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. ரேடிக்கல் மாஸ்டெக்டமி என்று பெயர். ரேடிக்கல் என்ற சொல்லுக்கு லத்தீனில் மூலம், வேர். வேரோடு பிடுங்குவது என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம்.

1894-ல் 50 பெண்களின் கணக்கை வெளியிட்டார். ஆபரேஷன் செய்த இடத்திலேயே நோய் திரும்பியது 3 பேருக்கு மட்டும், அதாவது 6 சதவீதம். மருத்துவ உலகம் அசந்துபோனது. அதே சமயத்தில் நியூயார்க்கின் வில்லி மேயரும் தனியாகக் கிட்டத்தட்ட இதே ஆபரேஷனை எழுதினார். இனி இதுதான் சிகிச்சை என்று முடிவாகிவிட்டது.

ஓட்டை எங்கே இருந்தது?

சரி, 6 சதவீதம் நல்ல ரிசல்ட்தானே? நெஞ்சில் கட்டி திரும்பவில்லை என்ற வகையில் நிச்சயம் நல்லது. வெடித்த புண்ணோடு வாழ்வது எவ்வளவு கொடுமை என்று பார்த்த யாரும் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். ஆனா அந்தப் பெண் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தார்? அது வேறு கேள்வி. நெஞ்சு சுத்தமாக இருக்கும்போதே எலும்பிலும் கல்லீரலிலும் நோய் வந்து இறந்தவர்கள் ஏராளம்.

1907-ல் ஹால்ஸ்டெட் வெளியிட்ட பெரிய தொகுப்பிலேயே இது தெரிந்தது. அக்குளுக்கு நோய் போகாதவர்களில் பெரும்பாலானோர் பிழைத்தார்கள், போனவர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள். கத்தி எவ்வளவு அகலமாகப் போனது என்பதைவிட, ஆபரேஷனுக்கு முன்பே நோய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. இதைப் பார்த்து, இன்னும் அகலமாக வெட்டலாம் என்றுதான் அந்தத் தலைமுறை முடிவெடுத்தது. கழுத்து நெறிகட்டி, நெஞ்செலும்புக்குள் இருக்கும் நெறிகட்டி என்று கத்தி மேலும் உள்ளே போனது. 1950-களில் விலா எலும்பின் பகுதிகளையும் சேர்த்து எடுத்தவர்கள் உண்டு.

உயிர் பிழைத்த பெண்களின் நிலை என்ன? தோலுக்குக் கீழே விலா எலும்பு தெரியும் அளவுக்குக் குழிந்த நெஞ்சு. தோள் சரியாகத் தூக்க வராது. நிணநீர் வடிய வழியில்லாமல் கை யானைக்கால் மாதிரி வீங்கும். இந்த வீக்கத்தைப் பற்றி ஹால்ஸ்டெட்டே 1921-ல் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. உயிருக்கான விலை என்று அவர் நினைத்தார். அந்த விலை தேவையா என்று பார்க்க ஒரே வழி, ஒரு பாதிப் பெண்களுக்குப் பெரிய ஆபரேஷன், மறு பாதிக்குச் சின்ன ஆபரேஷன் என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடுவது. அவர் காலத்தில் அப்படி ஒரு ஆய்வு முறையே கிடையாது. இதற்காக ஹால்ஸ்டெட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை. ஆனா அந்த முறை வந்த பிறகும் பல ஆண்டுகள் தயங்கிய அவருடைய வாரிசுகளுக்கு அந்தச் சலுகையைத் தர முடியாது என்றே தோன்றுகிறது.

வாரிசுகள் என்றால் யார்?

இன்றைக்கு நம் ஊரில் பிஜி டாக்டர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, ஜூனியர், சீனியர் என்று படிப்படியாகப் பொறுப்பு ஏறிப் படிக்கிறார்களே, சர்ஜரியில் அந்த ரெசிடென்சி முறையை அமெரிக்காவில் நிறுவியவர் ஹால்ஸ்டெட். ஜெர்மன் முறையைப் பார்த்து வந்து அமைத்தது. பலர் கீழே நுழைவார்கள், ஒருவர்தான் தலைமை ரெசிடென்ட் ஆவார். அவரும் எப்போது முடிப்பார் என்று யாருக்கும் தெரியாது, வருஷக்கணக்கில் இழுக்கும். டியூட்டி ரூமில் தூங்கி எழும் பிஜி டாக்டர்கள் யாரைத் திட்டுவது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அவரிடம் தலைமை ரெசிடென்ட் ஆனவர்கள் மொத்தம் 17 பேர். மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று போற்றப்படும் ஹார்வி குஷிங் அவர்களில் ஒருவர். குஷிங் சிண்ட்ரோம் படிக்காமல் யாரும் எம்பிபிஎஸ் தாண்ட முடியாது. இப்படி வந்தவர்கள் அமெரிக்கா முழுக்கப் பேராசிரியர்களாகப் போனார்கள், குருவின் ஆபரேஷனையும் எடுத்துப் போனார்கள். தன் பேராசிரியரின் பேராசிரியர் செய்த ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

ஹால்ஸ்டெட் தனிமை விரும்பி. சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸுக்கு அனுப்புவார், வட கரோலினா மலைவீட்டில் டாலியா பூச்செடி வளர்ப்பார், கோடையில் மாதக்கணக்கில் ஆளே காணோம். ஏன் என்று பலருக்குப் புரியவில்லை. உடன் வேலை பார்த்த வில்லியம் ஆஸ்லருக்குத் தெரியும். அவர் எழுதி முத்திரை வைத்துப் பூட்டிய குறிப்புகள் 1969-ல்தான் வெளியே வந்தன. ஹால்ஸ்டெட் மார்ஃபினை விடவே இல்லை, ஒரு கட்டத்தில் தினமும் 3 கிரெயின், அதாவது 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, எடுத்துக்கொண்டிருந்தார் என்று அதில் இருந்தது.

1919-ல் அவருக்கே பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. 1922-ல் பித்தநாளத்தில் மீண்டும் கல். அவர் பயிற்சி கொடுத்த சிஷ்யர்களே ஆபரேஷன் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. 1922 செப்டம்பர் 7-ம் தேதி, 70 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் கரோலினும் காலமானார்.

கேள்வி கேட்டவர்கள்

லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற சர்ஜன் 1920-களிலேயே சின்ன ஆபரேஷனோடு ரேடியம் ஊசிகளை வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார். ரிசல்ட் மோசமில்லை. அமெரிக்க சர்ஜன்கள் கண்டுகொள்ளவில்லை. 1948-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பேட்டி, பெரிய தசையை விட்டுவைத்து, சின்னத் தசையை மட்டும் எடுக்கும் முறையை எழுதினார். இரண்டு தசையையும் விட்டுவைக்கும் முறை ஆச்சின்க்ளாஸ் பெயரில் வந்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்: ஹால்ஸ்டெட்டில் இரண்டும் போகும், பேட்டியில் மைனர் மட்டும் போகும், ஆச்சின்க்ளாஸில் இரண்டும் இருக்கும். அக்குளின் நெறிகட்டிகளை லெவல் 1, 2, 3 என்று பிரிப்பதும் அந்த பெக்டோராலிஸ் மைனரை அடையாளமாக வைத்துத்தான். தசைக்கு வெளிப்புறம் 1, பின்னால் 2, உட்புறம் 3.

உண்மையான சோதனையை நடத்தியவர் பெர்னார்ட் ஃபிஷர். பிட்ஸ்பர்க் சர்ஜன். புற்றுநோய் செல்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு படியாகப் போவதில்லை, ஆரம்பத்திலேயே ரத்தம் வழியாகவும் போய்விடலாம் என்று ஆய்வுக்கூடத்தில் அவர் கண்டிருந்தார். அது சரியென்றால் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பலன் ஒன்றுதான். 1971-ல் பி-04 என்ற ஆய்வைத் தொடங்கினார். 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். சிலருக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன், சிலருக்குத் தசையைத் தொடாமல் மார்பகத்தை மட்டும் எடுப்பது, சிலருக்கு அதோடு கதிர்வீச்சு. சக சர்ஜன்கள் பலர் ஃபிஷரைக் கடுமையாக எதிர்த்தார்கள். பெண்களின் உயிரோடு விளையாடுகிறார் என்ற குற்றச்சாட்டும் வந்தது.

25 வருஷம் தொடர்ந்து கவனித்த கணக்கு 2002-ல் வெளியானது. உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ஆனா முதல் முடிவுகள் 1970-களிலேயே வர ஆரம்பித்துவிட்டதால், 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, ஹால்ஸ்டெட் ஆபரேஷன் இனி வழக்கமான சிகிச்சை அல்ல என்று சொல்லிவிட்டது.

1976-ல் தொடங்கிய பி-06 ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மார்பகத்தையே எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால் என்ன? 20 வருஷக் கணக்கில், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் கொடுத்தால் 14 சதவீதம். ஆனா முழு மார்பகத்தை எடுத்தவர்கள் உட்பட மூன்று பிரிவிலும் உயிர் பிழைத்தவர்கள் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். 1894-ல் ஹால்ஸ்டெட் எண்ணியது முதல் வகைக் கணக்கை. இரண்டாவது வகை வேறு என்பது இப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்காக மார்பில் நோய் திரும்பினால் கவலையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அங்கே நோய் திரும்புவதைத் தடுப்பது நீண்ட காலத்தில் ஓரளவு உயிரையும் காக்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் மார்பகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு வேண்டாம் என்று நோயாளிகள் சொன்னால் டாக்டர்கள் விடாமல் வற்புறுத்துகிறார்கள்.

இன்று என்ன நிலை?

ஆரம்ப நிலையில் வந்தால், அக்குள் முழுவதையும் சுத்தம் செய்வதுகூடப் பலருக்குத் தேவைப்படுவதில்லை. நீலச் சாயமோ கதிரியக்கப் பொருளோ செலுத்தி, நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிகட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். சென்டினல் நோடு பயாப்சி என்று பெயர். இந்தியாவில் கட்டி பெரிதான பிறகு வருபவர்கள் இன்னும் நிறைய என்பதால் மார்பகத்தை முழுதாக எடுக்கும் ஆபரேஷன் இங்கே அடிக்கடி நடக்கிறது. அப்போதும் தசைகளை விட்டுவிடுவதுதான் வழக்கம். கட்டி தசையையே பிடித்திருந்தால், பிடித்த பகுதியை மட்டும் சேர்த்து எடுப்பார்கள். பாடப்புத்தகப் படத்தில் இருக்கும் முழு ஹால்ஸ்டெட் ஆபரேஷனை நேரில் பார்த்த பிஜி மாணவர் இன்று அபூர்வம். கேள்வித்தாளில் மட்டும் அது தவறாமல் வருகிறது.